நாற்பத்தாறு வயதில் நீதிமன்றத்தை விட்டு வெளியேறியவர்: அறிஞர் சித்திலெப்பையின் இரண்டாவது வாழ்க்கை

எமது சமூகத்தில் அறிஞர் சித்திலெப்பையின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கண்டியில் அவரது பெயரில் பாடசாலை இருக்கிறது. 1977ஆம் ஆண்டு அவரது உருவம் தாங்கிய முத்திரை வெளியானது. பாடசாலை மாணவரிடம் கேட்டால், முஸ்லிம் நேசன் பத்திரிகை, இலங்கையின் முதல் தமிழ் நாவல், முஸ்லிம் கல்வியின் தந்தை என்று மூன்று பதில்களையும் வரிசையாகச் சொல்லி விடுவார்கள். வரலாற்றுப் பாடம் கற்பித்த காலத்தில் நானும் இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஆனால், இவற்றையெல்லாம் செய்யத் தொடங்கியபோது அவருக்கு என்ன வயது என்று எவரும் கேட்பதில்லை. பத்திரிகையைத் தொடங்கியபோது அவருக்கு 44 வயது. சட்டத் தொழிலைக் கைவிட்டு கொழும்புக்குப் போனபோது 46. நாவல் வெளிவந்தபோது 47. அதற்கு முந்திய இருபது வருடங்களும் அவர் கண்டியில் நல்ல பெயரோடும் வருமானத்தோடும் வாழ்ந்த ஒரு சட்டத்தரணி. 43 வயதில் அவர் வபாத்தாகியிருந்தால், பழைய நீதிமன்ற ஏடுகளில் ஒரு பெயராக மட்டும் எஞ்சியிருப்பார். நாம் கொண்டாடுகின்ற சித்திலெப்பை, நடு வயதில் தனது பாதையை மாற்றிக்கொண்ட ஒரு மனிதர். இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது அந்த மாற்றத்தைப் பற்றித்தான்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்குப் போய் அப்போது 23 வருடங்கள்தான் ஆகியிருந்தன. மன்னர் காலத்தை நேரில் கண்ட பெரியவர்கள் நகரில் உயிரோடு இருந்த காலம் அது. மலைநாட்டு முஸ்லிம்களில் பலர் தவளம் என்று சொல்லப்படும் பொதி மாட்டு வணிகத்தில் இருந்தார்கள். கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் மாட்டின் முதுகிலேறி மலைக்கு வந்தன. மலையின் பாக்கும் மிளகும் அதே மாட்டில் இறங்கிப் போயின. வேறு சிலர் வைத்தியர்கள், சிலர் அரண்மனைப் பணியில் இருந்தவர்களின் வழிவந்தவர்கள். அக்குறணை, மடவளை, கம்பளை என்று நகரைச் சுற்றிலும் எமது ஊர்கள் பரவியிருந்தன.

அவருடைய வாப்பா முஹம்மது லெப்பை சித்திலெப்பை, 1833ஆம் ஆண்டு பிறக்கிறாசியாக நியமனம் பெற்றவர். அதாவது, நீதிமன்றத்தில் கட்சிக்காரர்களுக்காக வழக்கு நடத்தும் அனுமதி பெற்ற சட்டத்தரணி. முஸ்லிம்களில் அந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவர் அவரே. மகனும் அந்த வழியிலேயே வளர்ந்தார். வீட்டிலே அறபு, தமிழ் இரண்டும் கிடைத்தன. ஆங்கிலமும் கற்றார். 1862ஆம் ஆண்டு கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் பிறக்கிறாசியானார். இரண்டு வருடங்களில் உயர் நீதிமன்றத்திலும் அந்தத் தகுதியைப் பெற்றார். சில காலம் கண்டி மாநகர நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார்.

அக்காலத்துக் கண்டியில் இதைவிடப் பாதுகாப்பான வாழ்க்கை இருந்திருக்க முடியாது. கோப்பித் தோட்டங்களால் மலைநாட்டில் பணம் புழங்கியது. காணி கைமாறியது. காணி கைமாறும் இடத்தில் வழக்கும் வரும். 1865இல் கண்டிக்கு மாநகர சபை வந்தது. 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது. ஆங்கிலச் சட்டமும் தமிழ் மொழியும் மார்க்க அறிவும் ஒருங்கே அமைந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணிக்குக் கட்சிக்காரர்களைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அப்படியானால், அவர் ஏன் மாறினார்? இதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மனிதர்கள் ஒரு காரணத்துக்காக மட்டும் தங்கள் வாழ்க்கையைத் திருப்புவதில்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நீதிமன்றம் என்பது ஒரு சமூகத்தின் பலவீனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும் இடம். படித்துப் பார்க்காமல் உறுதி எழுதிக் கொடுத்தவர், எழுதத் தெரியாததால் ஏமாந்தவர், தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றே அறியாத விதவை என்று எத்தனையோ பேர் அங்கே வருவார்கள். ஒரு சட்டத்தரணி இவர்களில் ஒருவருக்கு வழக்கை வென்று கொடுக்கலாம். அடுத்த கிழமை அதே அறியாமையோடு இன்னொருவர் வந்து நிற்பார். இருபது வருடங்கள் இதைப் பார்த்த ஒருவருக்கு, நோய் வேறிடத்தில் இருக்கிறது என்ற எண்ணம் வந்திருந்தால் அதில் வியப்பில்லை.

நோய் இருந்த இடம் பாடசாலை. அன்று ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. கண்டியில் திரித்துவக் கல்லூரி 1872இல் தொடங்கியது. பிள்ளையை அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று எமது பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை வெறும் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. மதமாற்றம் அப்பாடசாலைகளின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் அச்சத்துக்கு மாற்று வழி தேடாததன் விலை பெரிதாக இருந்தது. அரசாங்க உத்தியோகம், வைத்தியம், சட்டம், நில அளவை என்று ஆங்கிலம் திறந்த கதவுகள் அனைத்தும் எமக்கு மூடியே கிடந்தன.

மற்றச் சமூகங்கள் அதே பிரச்சினைக்கு விடை தேடிவிட்டன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், மிஷன் பாடசாலையில் இருந்த தனது வேலையை விட்டு, 1848இல் சைவப் பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கினார். 1880இல் கேணல் ஒல்கொட் இலங்கை வந்தபின் பௌத்த பாடசாலை இயக்கம் வேகம் பிடித்தது. இந்தியாவில் ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் கல்லூரிக்கு அத்திவாரமிட்டார். அவரும் நீதித்துறையில் வாழ்நாளைக் கழித்தவர்தான். 1876இல் ஓய்வு பெற்றபின் முழு நேரமும் கல்விப் பணிக்கு வந்தபோது, அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். 1869இல் கோப்பிச் செடியின் இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் மலைநாட்டின் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்தன. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கண்டியின் செல்வம் எதன்மீது நின்றதோ, அது சரிந்தது. அழிந்த கோப்பி நிலங்களில் தேயிலை நட்டார்கள். அந்தக் காலத்தில் மலைநாடே தொழில் மாற வேண்டிய நிலையில் இருந்தது. ரயில் வந்ததால் தவளக்காரர்களின் பிழைப்பும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கும் இன்றுபோலவே இருக்கும் என்ற நம்பிக்கை உடைந்த ஒரு நகரத்தில் வாழ்ந்துகொண்டுதான் சித்திலெப்பை தனது முடிவை எடுத்தார்.

அவர் அந்த முடிவை எடுத்த முறைதான் என்னை மிகவும் கவர்கிறது. அவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. 1882 டிசம்பர் 21ஆம் திகதி முஸ்லிம் நேசன் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அப்போது அவர் சட்டத் தொழிலை விடவில்லை. ஏறத்தாழ இரண்டு வருடங்கள் இரண்டு வாழ்க்கைகளையும் ஒன்றாக நடத்தினார். தமிழிலும், எமது பெரியவர்கள் பழகிய அறபுத் தமிழ் எழுத்திலும் அவர் எழுதினார். கல்வி, வணிகம், உலகச் செய்தி, சமூகச் சீர்கேடு எல்லாம் அதில் வந்தன. முஸ்லிம்கள் தமிழும் அறபும் மட்டுமல்ல, ஆங்கிலமும் சிங்களமும் கற்க வேண்டும் என்பது அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்திய கருத்து. நாட்டின் பெரும்பான்மை மொழியைத் தெரியாமல் அந்த நாட்டில் எப்படி வாழ்வது என்ற கேள்வியை 140 வருடங்களுக்கு முன்பே அவர் எழுப்பிவிட்டார். அந்தக் கேள்வியின் கனம், 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்த நாட்களில் எம்மில் பலருக்கு விளங்கியது.

முதல் இதழ் வந்து மூன்று கிழமைகள்கூட நிறையவில்லை, 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1882 செப்டெம்பரில் தல் அல் கபீரில் தோற்ற ஒறாபி பாஷாவும் அவரது தோழர்கள் ஆறு பேரும் நாடு கடத்தப்பட்டு வந்திறங்கினார்கள். ஒறாபிக்கு அப்போது ஏறத்தாழ 41 வயது. இராணுவம், அமைச்சர் பதவி, தாய்நாடு எல்லாவற்றையும் இழந்து, மொழி தெரியாத ஒரு தீவில் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய நிலையில் இருந்தார்.

சித்திலெப்பை தானாக விரும்பித் திசை மாறியவர். ஒறாபி திசை மாற்றப்பட்டவர். இருவருக்கும் இடையில் நெருக்கம் உண்டானது. எகிப்தில் நவீனக் கல்வியும் மார்க்கமும் ஒன்றாகப் போவதைப் பார்த்தவர் ஒறாபி. ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு விரோதமல்ல என்று கண்டிச் சட்டத்தரணி ஒருவர் சொன்னால் ஊர் சந்தேகிக்கும். அறபு பேசும், ஆங்கிலேயரோடு போரிட்ட ஒரு பாஷா அதையே சொன்னால் ஊர் காது கொடுக்கும். தனது கருத்துக்கு எவருடைய துணை தேவை என்பதை சித்திலெப்பை அறிந்திருந்தார்.

1884இல் அவர் சட்டத் தொழிலை விட்டுவிட்டு கொழும்புக்குச் சென்றார். அந்த வருடம் நவம்பரில் புதிய சோனகத் தெருவில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பாடசாலை திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலை அது. 1885இல் அஸன்பே சரித்திரம் வெளிவந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனின் கதை. தமிழில் முதல் நாவலென்று கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் அதற்கு ஆறு வருடங்களுக்கு முன், 1879இல்தான் அச்சில் வந்திருந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்து நீதிமன்றத்தை விட்டு வந்தவர். தமிழ் நாவலின் தொடக்கத்தில் நீதிமன்றத்திலிருந்து வந்த இருவர் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், மனிதர்களின் கதைகளை நாள் முழுவதும் கேட்டுப் பழகியவர்களுக்குக் கதை எழுத வந்தது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. சித்திலெப்பை தொழிலை மாற்றினாரே தவிர, அந்தத் தொழில் தந்த எதையும் வீணாக்கவில்லை. வாதாடிப் பழகிய மூளை பத்திரிகையில் வாதாடியது. மனு எழுதிப் பழகிய கை அரசாங்கத்துக்குச் சமூகத்தின் கோரிக்கைகளை எழுதியது. இலங்கைச் சோனகரின் பூர்வீகம் பற்றிய சர்ச்சை எழுந்தபோது, முஸ்லிம்களின் வரலாற்றை எடுத்துச் சொல்ல ஒரு பத்திரிகையும் அதை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒருவரும் எம்மிடம் இருந்தார்கள். 1889இல் சட்டவாக்க சபைக்கு முதலாவது முஸ்லிம் உறுப்பினராக எம்.ஸி. அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். அந்த நியமனத்துக்கு முன்னைய வருடங்களில் ஒரு சமூகமாகப் பேசுவதற்கு முஸ்லிம்கள் பழகிய இடங்களில் முஸ்லிம் நேசனும் ஒன்று.

இவ்வளவையும் நாம் மேடைகளில் சொல்கிறோம். மேடையில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கைரிய்யா பாடசாலை நிலைக்கவில்லை. எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. ஆங்கிலப் படிப்பு வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள், வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பணம் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். சில வருடங்களில் அது நின்று போனது. ஐம்பதை அண்மித்த வயதில், தனது தொழிலை விட்டுவிட்டு எந்தக் காரியத்துக்காக கொழும்புக்குப் போனாரோ, அந்தக் காரியமே கண்முன் தோற்றது. ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. நல்ல தொழிலை விட்டவருக்கு இதுதான் கதி என்று சொல்ல எல்லாக் காலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் நீதிமன்றத்துக்குத் திரும்பவில்லை, தொடங்கிய பணியையே தொடர்ந்தார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை திறந்தார். ஆண் பிள்ளையின் படிப்புக்கே சமூகம் தயங்கிய நாட்களில், அடுத்த படியாக அவர் எடுத்தது பெண் கல்வி. 1892இல் ஞானதீபம் என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கான பாட நூல்கள் எழுதினார். 1897இல் அஸ்ராறுல் ஆலம் என்ற தஸவ்வுப் நூல் வந்தது.

அதே 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி, கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். அதை முன்னின்று நடத்தியவர் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டிக் கொடுத்த கட்டட ஒப்பந்தக்காரர் அவர். 1829இல் பிறந்தவர். கல்லும் சுண்ணாம்பும் அளந்து வாழ்ந்த அந்த மனிதர், அறுபதைக் கடந்தபின் ஒரு பாடசாலைக்குப் பொறுப்பேற்றார். திறப்பு விழாவில் ஒறாபி பாஷாவும் இருந்தார். கைரிய்யா நட்டுக் கருகிய செடி என்றால், ஸாஹிரா அதே மண்ணில் முளைத்த அடுத்த செடி. முதலாவது முயற்சி நடக்காமல் இரண்டாவதற்கு வழி பிறந்திருக்காது.

ஒறாபி அந்த 1892ஆம் ஆண்டிலேயே கண்டிக்குக் குடிவந்தார். 1901இல் மன்னிப்புக் கிடைத்து எகிப்துக்குத் திரும்பும் வரை இங்குதான் இருந்தார். ஹல்லொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் அவரது பெயரில் நிற்கிறது. அவரைக் கப்பலேற்றி அனுப்ப சித்திலெப்பை இருக்கவில்லை. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், சித்திலெப்பை வபாத்தானார். மஹியாவை மையவாடியில் அடக்கப்பட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டத் தொழிலில் இருந்தது 22 வருடங்கள். அதை விட்டபின் வாழ்ந்தது 14 வருடங்களுக்கும் குறைவு. அந்த 14இல் பாதிக்கு மேல் இழுபறியும் தோல்வியும். அந்தக் குறுகிய இரண்டாவது வாழ்க்கையின் நிழலில்தான் நாம் இன்று வரை இருக்கிறோம்.

இந்த வரலாற்றை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எனது சகோதரியின் மகனுக்கு 44 வயது. பதினெட்டு வருடங்கள் கட்டாரில் ஒரு கட்டட நிறுவனத்தின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்துவிட்டார். மீண்டும் போக அவருக்கு மனமில்லை. குளிரூட்டிச் சாதனங்கள் திருத்தும் தொழிலை முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பின்னர் ஊரில் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பொடியன்மாருக்கு அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்கிறார். குடும்பத்தில் அதற்குப் பெரும் எதிர்ப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார வெட்கமில்லையா என்று ஒரு மாமா கேட்டார். மகளுக்கு இன்னும் மூன்று நான்கு வருடங்களில் கலியாணம் பேச வேண்டும், வாப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இன்னொருவர் கேட்டார். அவருடைய மனைவி மட்டும், மாதம் எவ்வளவு வரும், எத்தனை மாதம் வராது என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே பயனுள்ள கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இவர் ஒருவர் அல்ல. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கண்டியிலும் சுற்று ஊர்களிலும் இப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கடையை மூடியவர், மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர், பிள்ளைகள் வளர்ந்தபின் முதன்முறையாகத் தொழில் தேடும் தாய், ஓய்வுக்கு முன்பே உத்தியோகத்தை விட்ட அரச ஊழியர். நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் நிற்கும் இவர்களுக்கு எமது சமூகத்தில் இடமே இல்லை. புலமைப்பரிசில் இளைஞருக்கு, உதவிப் பணம் முதியோருக்கு. நடுவில் இருப்பவர் கேட்டால், இனியென்ன புதிதாக என்ற ஒரு பார்வைதான் கிடைக்கும்.

இது எமது மார்க்கம் கற்றுத் தந்த பார்வை அல்ல. நபி (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்து, நாற்பதாவது வயதிலேயே நுபுவ்வத்தைப் பெற்றார்கள். நபித்துவத்தோடு எவருடைய வாழ்வையும் ஒப்பிட முடியாது. ஆயினும் நாற்பது என்பது முடிந்துபோன வயது என்று ஒரு முஸ்லிம் எப்படி நினைக்கலாம்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுப் பயணம் புறப்பட்டபோது முப்பதுகளின் இறுதியில் இருந்தார்கள். எமது நாட்டிலேயே, இலங்கைச் சிவில் சேவையில் முதலாவது முஸ்லிமாக இடம்பிடித்த ஏ.எம்.ஏ. அஸீஸ், 1948இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டு ஸாஹிராவின் அதிபராக வந்தார். சித்திலெப்பை திறந்த வழி அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நடு வயதில் வேலையை விடுவதே ஒரு வீரம் என்று நான் சொல்லவில்லை. சித்திலெப்பைக்கு வாப்பாவின் சொத்தும் தொழிலில் சேர்த்த பெயரும் இருந்தன. வாடகை வீட்டில், கடனோடு, மூன்று பிள்ளைகளோடு இருப்பவரை அவரோடு ஒப்பிட்டு, நீயும் துணிந்து குதி என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. அவருடைய வாழ்க்கை கற்றுத் தருவது வேறு. பழைய தொழிலை விடுமுன் புதியதைத் தொடங்கிப் பாருங்கள், அவர் இரண்டு வருடங்கள் அப்படித்தான் செய்தார். பழைய தொழில் தந்த திறமையைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் குறையை நிரப்பக்கூடியவரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சி நிற்கலாம், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

சமூகத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கைரிய்யா ஏன் நின்றது? அதை நடத்தியவரின் உழைப்பில் குறை இருக்கவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் போதவில்லை. இன்று பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஸகாத் நிதி இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, ஜும்ஆவில் ஆயிரம் பேர் கூடுகிறார்கள். நாற்பது கடந்த ஒருவர் ஒரு தொழிலைப் புதிதாகப் படிக்கும் ஆறு மாதங்களுக்கு அவரது வீட்டு அரிசிச் செலவைப் பொறுப்பேற்க ஒரு நிர்வாகம் முன்வந்தால் என்ன? ஊரில் தொழில் தெரிந்த பெரியவர்கள் மாலை வேளையில் மத்ரஸா மண்டபத்தில் ஒரு மணி நேரம் கற்றுக் கொடுத்தால் என்ன? தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுப்பதைவிட இது சத்தமில்லாத வேலை. ஆனால் ஒரு குடும்பம் தன் காலில் நிற்கும்.

மகளுக்குக் கலியாணம் பேசும்போது வாப்பா என்ன செய்கிறார் என்று கேட்கும் வழக்கத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். 1884இல் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், சித்திலெப்பையின் வீட்டார் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், பத்திரிகை எழுதுகிறார், ஒரு பாடசாலை தொடங்கியிருக்கிறார், அது நடக்குமா என்று தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்க முடியும். அந்தப் பதிலைக் கேட்டு எம்மில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்போம் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஹியாவைப் பக்கம் போகிறவர்கள் அவருக்காக ஒரு துஆ செய்யுங்கள். திரும்பி வரும் வழியில், உங்கள் தெருவில் வேலையிழந்து வீட்டில் இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரைச் சந்தித்தால், வெளிநாடு எப்போது போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன செய்ய விருப்பம் என்று கேளுங்கள். பதிலை முழுவதுமாகக் கேட்டுவிட்டு, உங்களால் என்ன முடியும் என்று சொல்லுங்கள்.